வில்லாவும் இருபத்து மூன்றாம் தீர்த்தமும்: சேதுக் கரைக் குடும்பம் ஒன்றின் முதல் வெளிநாட்டு விடுமுறை பற்றிய ஆய்வு

முன்னுரை

எந்தப் பொருளை எடுத்தாலும் அதில் ஏற்கனவே யாராவது முனைவர் பட்டம் வாங்கியிருப்பார்கள் என்பது தமிழ்த்துறைகளில் நிலவும் நம்பிக்கை. அதை நம்பித் தேடியும், இராமநாதபுரம் மாவட்டத்துக் கூட்டுக்குடும்பம் ஒன்று வெளிநாட்டில் வில்லா வாடகைக்கு எடுத்து விடுமுறை கழிப்பது பற்றி ஓர் ஆய்வேடும் சிக்கவில்லை. நாட்டுப்புறப் பாடல்களில் உவமை பற்றி நிறையச் சிக்கின. மாவட்டத்தின் பெயரை மாற்றிவிட்டால் எல்லாம் ஒன்றே. ஆகவே இந்த ஆய்வின் தேவையை விளக்க வேண்டியதில்லை. விளக்கினால் நாற்பது பக்கம் வரும், அவ்வளவுதான்.

ஆய்வு எல்லை: மேற்கே பரமக்குடிச் சம்பந்தி வீடு, கிழக்கே அரிச்சல்முனை, வடக்கே தொண்டி அத்தை, தெற்கே கடல். முதன்மைச் சான்று, குடும்ப வாட்ஸ்அப் குழு. துணைமைச் சான்று, குழுவில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுப்படியில் சொல்லப்பட்டவை. ஆய்வு நெறிப்படி முதன்மைச் சான்றுக்கே மதிப்பு அதிகம். இந்தக் குடும்பத்தில் முடிவுகள் என்னவோ துணைமைச் சான்றிலிருந்தே பிறக்கின்றன.

கருதுகோள்: ஒரு குடும்பம் கடல் தாண்டிப் போய், ஒரு வேலையும் பார்க்காமல், ஐந்து நாள் சும்மா இருந்துவிட்டுத் திரும்பலாம். சென்னையில் கணினி வேலை பார்க்கும் தம்பி மகள் இதை முன்மொழிந்தபோது பெரியப்பா கேட்டது: "சும்மா இருக்கறதுக்கு அம்புட்டுத் தூரம் போகணுமா? இங்கிட்டே இருந்தா ஆகாதா?" (பெரியப்பா, திண்ணை, காலை.)

இயல் 1: முன்னோர் ஆய்வுகள்

இந்தக் கேள்வியை அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது. இந்தக் கரையில் வெளிநாடு என்பது புதுச் சரக்கல்ல. 1914 பிப்ரவரி 24-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு எழும்பூரிலேயே கொழும்புக்கு டிக்கெட் எடுக்க முடிந்தது. ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், இறங்கி மறுபடி ரயிலேறினால் கொழும்பு. இர்வின், கோஷன் என்று கவர்னர் ஜெனரல், கவர்னர் பெயர் வைத்த கப்பல்களும் அந்த வழியில் ஓடின. போட் மெயில் என்ற பேச்சை எடுத்தால் எங்கள் ஊர்க் கிழவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

அது கையில் டிக்கெட் இருந்தவர்களின் கதை. தோட்ட வேலைக்குப் போனவர்களுக்கு முதல் தங்குமிடம் மண்டபம் முகாம். இலங்கை அரசு இந்தியக் கரையில் நடத்திய தொற்றுத் தடுப்பு முகாம் அது. நாள்கணக்கில் அடைத்து வைத்து, நோயில்லை என்று தெரிந்த பிறகே கப்பலேற்றினார்கள். கீழக்கரை மரைக்காயர்கள் வணிகத்துக்குப் போனார்கள். 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து படகில் வந்தவர்கள் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வந்தார்கள். அவர்களுக்கும் மண்டபம் முகாமே கிடைத்தது. 1897 ஜனவரி 26-ல் இலங்கையிலிருந்து வந்து பாம்பனில் இறங்கிய விவேகானந்தரின் வண்டியை மன்னர் பாஸ்கர சேதுபதியே மக்களோடு சேர்ந்து இழுத்தார். சுவாமிகளும் ஓய்வெடுக்க வரவில்லை, பேச வந்தார்.

இன்னும் பின்னே போக வேண்டும் என்பார்கள் அறிஞர்கள். 1480-ல் வந்த புயல் வரைக்கும் சேதுத் திட்டுகள் வழியே ஆட்கள் இலங்கைக்கு நடந்தே போய்வந்ததாகக் கோவில் ஏடுகள் சொல்கின்றன என்று ஒரு வாக்கியம் உண்டு. ஏட்டைக் கண்ணால் கண்டவரை இந்த ஆய்வாளர் சந்தித்ததில்லை. ஆனால் அந்த வாக்கியம் ஒரு புத்தகத்திலிருந்து இன்னொரு புத்தகத்துக்குக் கால் நனையாமல் இன்னமும் நடந்துகொண்டிருக்கிறது.

ஆக, பிழைக்கப் போனார்கள், விற்கப் போனார்கள், தப்பி வந்தார்கள், பேச வந்தார்கள். சும்மா இருப்பதற்காக இந்தக் கடலைத் தாண்டியவர் எவருமில்லை (பெரியப்பா, திண்ணை, திருத்திய இரண்டாம் பதிப்பு, முதல் பதிப்பில் 'எவனுமில்ல' என்று இருந்தது).

இயல் 2: 'முதல்' பயணமா என்பதில் எழும் தகராறு

பாம்பனில் படகில் பங்கு வைத்திருக்கும் மச்சான் தொடக்கத்திலேயே ஆட்சேபணை எழுப்பினார். தாம் ஏற்கனவே வெளிநாடு போய்வந்தவர் என்பது அவர் வாதம். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு இராமேஸ்வரத்திலிருந்து படகில் போய்வந்திருக்கிறார். பாஸ்போர்ட் கேட்பதில்லை, விசா கேட்பதில்லை, அடையாள அட்டையும் பட்டியலில் பெயரும் இருந்தால் போதும். 1974 ஒப்பந்தப்படி அந்த 285 ஏக்கரும் இலங்கை. அப்படியானால் அது வெளிநாட்டுப் பயணம்தானே?

இதில் மூன்று கட்சிகள் உண்டு. வெளிநாடுதான் என்பது மச்சான் கட்சி. நேர்ந்துகொண்டு போனது கணக்கில் வராது என்பது மதினி கட்சி. அது நம் தீவு, ஆகவே வெளிநாடே அல்ல என்பது பெரியப்பா கட்சி. 2025 ஏப்ரல் 2-ல் கச்சத்தீவை மீட்கச் சொல்லிச் சட்டமன்றமே தீர்மானம் போட்டிருப்பதால் மூன்றாம் கட்சிக்கு வலு கூடுதல். இதனிடையே தம்பி மகள் கிளப்பிய துணைச் சிக்கலையும் பதிவு செய்ய வேண்டும். அரிச்சல்முனையில் நின்றால் கைப்பேசிக்கு இலங்கைக் கோபுரத்தின் வரவேற்புச் செய்தி வருவதுண்டு. அந்த வகையில் ஆட்கள் போகாவிட்டாலும் இந்தக் குடும்பத்தின் செல்போன்கள் வெளிநாடு கண்டவை.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. இலங்கையிலிருந்து ஒருவர் வந்தாலோ, வர முடியாமல் காணொளியில் தலைகாட்டினாலோ, உள்ளூர்க் கல்லூரிக் கூட்டம் 'பன்னாட்டுக் கருத்தரங்கம்' ஆகிவிடுகிறது. பதிவுக் கட்டணம் கட்டினால் சான்றிதழ், கூடக் கொஞ்சம் கட்டினால் கட்டுரைத் தொகுப்பில் இடம். இதே அளவுகோலை இந்தக் கரைக்கு வைத்தால், டீக்கடையில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த என் தலைமுறையும் அதற்கு முந்தைய தலைமுறையும் மொத்தமாகப் பன்னாட்டு அறிஞர்கள்.

இயல் 3: காலமும் களமும்

காலத்தைத் தீர்மானிப்பது மீன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மச்சானின் விசைப்படகு கரையேறி, வலை பின்னும் வேலையும் சாயம் அடிக்கும் வேலையும் போக, அவர் வீட்டில் இருப்பது அப்போதுதான். பிள்ளைகளுக்கும் பள்ளி விடுமுறை. எனவே மே மாதம்.

களம் பற்றிய விவாதத்தில் மலேசியா, தாய்லாந்து, பாலி ஆகிய மூன்றும் விமான டிக்கெட் விலை வாசிக்கப்பட்ட உடனே ஆய்வு எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டன. இலங்கை நின்றது. இலங்கையில் எங்கே? பெந்தோட்டை, ஹிக்கடுவை என்று படத்தில் அழகழகாய் வில்லாக்கள். ஆனால் தென்மேற்குப் பருவமழை மே கடைசியில் அந்தப் பக்கம்தான் இறங்கும். அதே சமயத்தில் கிழக்கே திருகோணமலைப் பக்கம் கடல் குளம்போல் கிடக்கும். தம்பி மகள் இதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது; மச்சான் பீடியைப் பற்றவைத்துக்கொண்டே, "வைகாசிக் காத்துக்கு மேற்க போவாகளா யாராச்சும்?" என்றார்.

மலைப்பக்கம் நுவரெலியா போகலாம் என்று ஒரு குரல் எழுந்தது. அப்பத்தா உடனே அடக்கிவிட்டார். "எங்க ஐயா கொழுந்தெடுக்கப் போன ஊரு. அங்க போயி நான் மெத்தையில படுக்கவா?" இதற்கு எதிர்வாதம் இதுவரை வரவில்லை.

இப்படித்தான் திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளி முடிவானது. இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் வீட்டில் கோவில் சேராத பயணத்துக்குப் பயணம் என்று பெயரில்லை. இலங்கையில் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் இரண்டு. ஒன்று மன்னார்ப் பக்கத்துத் திருக்கேதீச்சரம், மற்றது திருகோணமலைப் பாறைமேல் இருக்கும் கோணேசுவரம். நிலாவெளியிலிருந்து கோணேசுவரம் பக்கம். 'சும்மா இருத்தல்' என்ற கருதுகோளிலிருந்து ஒரு காலை நேரம் கழிக்கப்பட்டது.

இயல் 4: போகும் வழி

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர். நாங்கள் நிலாவெளி போகும் வழி: இராமேஸ்வரத்திலிருந்து நேர் எதிர்த்திசையில் சுமார் 170 கிலோமீட்டர் மதுரை, அங்கிருந்து விமானத்தில் கொழும்பு, பிறகு வேனில் வடகிழக்கே ஆறு மணி நேரம். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்று சொல்வார்கள். இதில் தலை மதுரையில் இருக்கிறது.

1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் தனுஷ்கோடியையும், அதை நோக்கி வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலையும் கொண்டுபோனது. பிறகு இராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. 1980-களில் போர் அதையும் நிறுத்தியது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள், சில நாளில் நின்றது, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. பாம்பனுக்குப் புதுப் பாலமே 2025 ஏப்ரல் 6-ல் வந்துவிட்டது. அந்தப் பாலம் தாண்டி வரும் ரயிலுக்கு எதிரே நிற்கக் கப்பல் மட்டும் இல்லை.

கடிகாரத்தை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று பெரியப்பா இருமுறை கேட்டார். 2006 முதல் இரு நாட்டுக்கும் ஒரே நேரம் என்றதும், வெளிநாடு என்ற தகுதியே அந்த நாட்டுக்கு உண்டா என்ற ஐயம் அவருக்கு வந்துவிட்டது.

இயல் 5: பயணிகளின் எண்ணிக்கை

வில்லாவில் எட்டுப் பேர் தங்கலாம். நாங்கள் பதினொரு பேர். ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் ஆள் கணக்கில்லை என்பது நம் பேருந்துச் சட்டம்.

இயல் 6: உணவு

அங்கேயும் இடியாப்பம், அங்கேயும் புட்டு, அங்கேயும் மாசி. ஆனாலும் 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய இராமநாதபுரம் முண்டு மிளகாய் ஒரு கிலோ அப்பத்தாவின் ஓலைக் கொட்டானில் வரும்.

இயல் 7: நீச்சல் குளம்

இந்த ஆய்வின் உயிர்நிலை இதுவே. வில்லா விளம்பரத்தில் முதல் படமே நீச்சல் குளம். பின்னால் பத்தடியில் வங்கக் கடல். கடலைப் பார்த்துக்கொண்டே குளத்தில் குளிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவிலிருந்து, நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவுக்குப் போய், கடலோரத்தில் வெட்டிய குளத்தில் குளிப்பதற்குக் கூடுதல் வாடகை.

குளம் வேண்டும் என்பது தம்பி மகள் தலைமையிலான இளையோர் பள்ளியின் கொள்கை. எதற்கு என்பது பெரியப்பா பள்ளி. இராமநாதசுவாமி கோவிலுக்குள் மகாலட்சுமி தீர்த்தம் தொடங்கிக் கோடி தீர்த்தம் முடிய 22 தீர்த்தங்கள் இருக்கின்றன. பாலம் கட்டிய நளனுக்கும் நீலனுக்கும்கூட ஆளுக்கொன்று. ஊரெல்லாம் ரயிலேறி வந்து அதில் குளிக்கும்போது, அதன் வாசலில் இருப்பவன் காசு கொடுத்து அசலூர்க் குளத்தில் முங்குவதா? "வேணும்னா இருபத்து மூணாந் தீர்த்தம்னு வச்சுக்கிடுங்க தாத்தா" என்றாள் தம்பி மகள். விளையாட்டாகச் சொன்னதுதான். பெரியப்பா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. தீர்த்தம் என்று பெயர் வைத்தால் அதற்கு முறை உண்டு.

இங்கிருந்து ஒப்பாய்வு தொடங்குகிறது. கோவில் முறை: முதலில் கடலில் அக்னி தீர்த்தம், பிறகு உள்ளே வரிசையாக வாளித் தண்ணீர், பிறகு ஈரம் மாற்றி உலர்ந்த துணி, அதற்கப்புறமே சந்நிதி. வில்லா முறை, விளம்பரத்தின் அடியில் கண்ட விதிகளின்படி: முதலில் ஷவரில் குளியல், பிறகு குளம், மறுபடி ஷவர், அதற்கப்புறமே சாப்பாட்டு மேசை. இரண்டிலும் குளிக்குமுன் குளித்தாக வேண்டும். குளித்த பின்னும் குளிக்க வேண்டுமா என்பதில்தான் ஆகமங்கள் வேறுபடுகின்றன. கோவிலில் கட்டிய துணியோடு குளிக்கலாம். குளத்தில் அதற்கென்று தைத்த உடை இல்லாமல் இறங்கக் கூடாது. கோவிலில் கிணற்றின் மேலே நின்று வாளியில் மொண்டு தலையில் ஊற்ற ஆள் உண்டு. குளத்தில் நாமே இறங்க வேண்டும். "அப்ப அங்க ஊத்த ஆளே கிடையாதா?" என்று கேட்ட பெரியப்பாவின் குரலில் இருந்தது ஏமாற்றம் என்றே இந்த ஆய்வாளர் கருதுகிறார் (பெரியப்பா, மாட்டுக் கொட்டகை அருகே, மாலைப் பதிப்பு, இதற்கு மாறான பாடம்: 'ஊத்த ஆளு இல்லாத எடத்துக்கு என்ன வாடகை?', அச்சேறாதது, பெரியம்மா வாய்மொழி).

உடை பற்றி மதினி எழுப்பியது வேறு கேள்வி. படத்தை இரு விரலால் விரித்து விரித்துப் பார்த்தார். குளத்துக்கு இடப்புறம் ஒரு மாடியும் அதில் ஒரு சன்னலும் தெரிந்தன. அந்த மாடி யாருடையது, அந்தச் சன்னல் திறக்குமா, திறந்தால் குளம் தெரியுமா என்பதற்கு விளம்பரதாரரிடமிருந்து வந்த பதில், குளம் முற்றிலும் தனிப்பட்டது என்பதே. மதினி நம்பவில்லை. நைட்டியோடு, துண்டு போர்த்தி, விளக்கணைத்த பிறகு என்பது அவர் முன்வைக்கும் வழிபாட்டு நேரம் (மதினி, 'நான் எதுவும் சொல்லல', நான்காம் தொகுதி, அடுப்படி வெளியீடு, ஏழாம் மறுபதிப்பு, ஒப்புநோக்குக: அதே ஆசிரியர், 'எனக்கென்ன வந்துச்சு', முழுத் தொகுப்பு).

அடுத்து எண் தகராறு. கோணேசுவரம் போகும் நாளில் கன்னியா வெந்நீர் ஊற்றுக்கும் போக வேண்டும் என்று தொண்டி அத்தை சேர்த்தார். திருகோணமலைக்கு அருகே, ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் வெந்நீரின் சூடு வேறு, இராவணன் கதையோடு சேர்ந்தவை, வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்ளும் வழக்கம். இதைக் கேட்டதும் பெரியப்பா முகத்தில் முதல்முறையாக இந்தப் பயணம் பற்றிய ஒளி தோன்றியது. ஆனால் அதனால் எண்ணிக்கை குலைந்தது. கன்னியாவின் ஏழையும் முதலில் எண்ணினால் அவை 23 முதல் 29 வரை. வில்லாக் குளம் முப்பதாம் தீர்த்தமாகிவிடும். முதல் நாளே குளத்தில் இறங்கிவிட்டால் குளமே இருபத்து மூன்று என்பது இளையோர் பள்ளி. காலமுறையா, தகுதிமுறையா? சங்க நூல்களின் காலத்தை வைத்து ஐம்பது ஆண்டு சண்டை போட்டவர்களுக்கு இந்தச் சண்டையின் அருமை தெரியும். இரு தரப்புக்கும் ஆதாரம் கிடையாது, ஆனால் இரு தரப்புக்கும் மாணவர்கள் உண்டு (பெரியப்பா எதிர் தம்பி மகள், குழுக் குரல்பதிவு, நான்கு நிமிடம், நடுவே மிக்சி ஓசை, தொண்டி அத்தையின் உரை, இடைச்செருகல் என்று மதினி கருதும் பகுதி நீங்கலாக, பிள்ளைகள் அழித்துவிட்டமையால் மூலம் இன்று இல்லை).

அப்பத்தா இதுவரை வாய் திறக்கவில்லை. தண்ணீரில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன் என்று அதிகாரிகள் மிரட்டிய மாவட்டத்தில் பிறந்து, ஊருணிக்குக் குடம் சுமந்தவர். குடிநீர் ஊருணியில் குளிக்கக் கூடாது, துவைக்கக் கூடாது, கால் நனைப்பதே தப்பு. பிற்காலத்தில் தள்ளுவண்டித் தண்ணீரைக் குடம் பத்து ரூபாய் கொடுத்து வாங்கியவர். அவர் கேட்டது ஒரே கேள்வி: "அந்தக் குளம் எத்தனை குடம் பிடிக்கும்?"

யாருக்கும் தெரியவில்லை. அளவு விளம்பரத்தில் இருந்தது: நீளம் 26 அடி, அகலம் 13, ஆழம் 4. பெருக்கினால் 1,352 கன அடி. கன அடிக்கு 28 லிட்டருக்குச் சற்று மேல். குடத்துக்குப் பதினைந்து லிட்டர் என்று வைத்தால் சுமார் 2,550 குடம். அப்பத்தா விரல்விட்டு எண்ணாமல் மனத்திலேயே பத்தால் பெருக்கினார். இருபத்தையாயிரத்து ஐந்நூறு ரூபாய்த் தண்ணீர். வில்லாவின் நாள் வாடகை அதைவிடக் குறைவு.

"நல்ல தண்ணியா?" என்றார். நல்ல தண்ணீர்தான் என்றோம். "மாத்துவாகளா?" வடிகட்டுவார்கள் என்றோம். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தண்ணி விலைக்கே வீடும் தாரான். எடுங்க" என்றார்.

இத்தனை நாள் பெரியப்பா பள்ளியும் இளையோர் பள்ளியும் எழுதிக் குவித்தது அந்த ஒரு வாக்கியத்தில் அடிபட்டுப் போனது. தமிழாய்வில் இதற்கு முன்மாதிரி இல்லை. இங்கே மறுப்புக்கு மறுப்பு வரும், மறுப்புக்கு மறுப்புக்கு அணிந்துரை வரும், யாரும் பெருக்கிப் பார்ப்பதில்லை. (சான்று: அப்பத்தா, கட்டிலோரம். ஒரே பதிப்பு. திருத்தமில்லை.)

அப்பத்தா குளத்தில் இறங்குவாரா என்று கேட்டோம். மாட்டாராம். கரையில் உட்கார்ந்து பார்ப்பாராம். காலை மட்டும் விடலாமே என்றதற்கு, பழக்கமில்லை என்றார்.

இயல் 8: பாஸ்போர்ட்

பதினொரு பேரில் பாஸ்போர்ட் உள்ளவர் மூவர். மற்றவர்கள் மதுரைக்குப் படையெடுக்க வேண்டியிருந்தது. பெரியப்பாவின் பெயர் ரேஷன் கார்டில் ஒரு மாதிரியும் ஆதாரில் ஒரு மாதிரியும் வாக்காளர் அட்டையில் மூன்றாவது மாதிரியும் இருந்தது. சுவடிப் பதிப்பில் இதைப் பாடபேதம் என்று அடிக்குறிப்பு போட்டுக் கடந்துவிடலாம். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அடிக்குறிப்புக்கு இடமில்லை. இலங்கைக்கான மின்னணுப் பயண அனுமதிக்கும் அதே எழுத்து அப்படியே வேண்டும். எனவே எழுபது வயதில் பெரியப்பா ஒரே பெயருக்கு வந்து சேர்ந்தார்.

முடிவுரை

நிலாவெளி, மே மூன்றாம் வாரம், ஐந்து இரவு, நீச்சல் குளத்துடன் வில்லா முடிவாகியிருக்கிறது. குளத்தின் எண் 23 என்று தம்பி மகளின் அட்டவணையிலும் 30 என்று பெரியப்பாவின் டைரியிலும் எழுதப்பட்டுள்ளது. முழு முன்பணமும் கட்டியாயிற்று. ரத்து செய்தால் பணம் திரும்ப வராது. ஆகவே இந்த ஆய்வின் முடிவில் இனி மாற்றம் எதுவும் இருக்காது.